மூன்றாம் பக்கம் எங்கே? ஒரு மாங்கன்றுத் தளத்தின் பக்க எண் இணைப்புகள்: நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர், போச்சம்பள்ளி வட்டாரத்தில் மா ஒட்டுக்கன்று வளர்க்கும் நர்சரிகள் ஏராளம். அவற்றில் சிலர் சேர்ந்து நடத்தும் விற்பனைத் தளம் ஒன்றைத்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்திருக்கிறோம். வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓடும் தளம். அதன் தோற்றத்தைத் தீர்மானிப்பது விலைக்கு வாங்கிய ஒரு தீம். பட்டியலில் 236 பதிவுகள், பக்கத்துக்கு 20 வீதம் 12 பக்கங்கள், கடைசிப் பக்கத்தில் 16. ஆந்திராவும் கர்நாடகாவும் ஒட்டிய மாவட்டம் என்பதால் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பட்டியல் உண்டு.

சிக்கல் முதலில் தொலைபேசியில்தான் தெரிந்தது. விலை கேட்டு அழைப்பவரிடம் நர்சரிக்காரர், "அண்ணா, மூணாவது பக்கத்துல நாப்பத்தேழாம் நம்பர் பாருங்க, செந்தூரா இருக்கும்" என்பார். மறுமுனையில் இருப்பவருக்கு மூன்றாம் பக்கத்துக்குப் போகவே வராது. சிலர் எண்ணைத் தொட்டார்கள், பக்கத்து எண் திறந்தது. சிலர் மடிக்கணினியில் கீபோர்டு மட்டும் வைத்து உலவுபவர்கள், அவர்களுக்கு எண்கள் கிட்டவே இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் வைத்திருந்தவருக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. மூன்று பேருக்கும் மூன்று வேறு காரணங்கள். ஆனால் மூன்றும் அந்த ஒரே எண் வரிசைக்குள்தான் இருந்தன.

முதல் சோதனையில் கிடைத்தவை

சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்திப் போனோம். மேல் மெனுவில் 31 இணைப்புகள், மொழி மாற்ற 3. அதைத் தாண்டினால் பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் படம், பெயர், 'மேலும் படிக்க', தொலைபேசி என நான்கு இணைப்புகள். ஆக 34-உம் 80-உம் சேர்த்து 114 அழுத்தல்கள். அடுத்த அழுத்தலில் எண் வரிசை வர வேண்டும். வரவில்லை, நேராகப் பக்கத்தின் அடிப்பகுதியில் இருந்த முகவரிக்குப் போனது. எண்கள் இணைப்புகளே அல்ல. தீம் எழுதியவர் ஸ்பேன் என்ற, எழுத்தைச் சுற்றும் வெறும் டேக்குகளுக்குள் எண்களைப் போட்டு, தட்டினால் பக்கம் மாற ஜாவாஸ்கிரிப்ட் நிரலைக் கட்டிவிட்டிருந்தார். செல்லும் முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃப் இல்லாத இணைப்பும் வெறும் ஸ்பேனும் தானாக டேப் வரிசையில் சேரா.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கில் அதே ஸ்பேனை இருமுறை தட்டினால் பக்கம் மாறும். விண்டோஸின் திரைவாசிப்பானான என்விடிஏவின் உலவு நிலையில் அம்புக்குறியால் அதன் மேல் நின்று என்டர் தட்டினாலும் பெரும்பாலும் மாறும். அதனால் 'திரைவாசிப்பானில் சோதித்தாயிற்று, வேலை செய்கிறது' என்று ஒரு அறிக்கை எழுதிவிட முடியும். பார்வை உள்ள, ஆனால் கை நடுக்கத்தால் சுட்டி பிடிக்க முடியாதவரை அந்த அறிக்கை வெளியே நிறுத்திவிடும். முதல் சோதனை எப்போதும் கீபோர்டாகவே இருக்கட்டும். எந்த மென்பொருளும் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

என்விடிஏவில் இன்ஸர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். அங்கே 'மேலும் படிக்க' இருபது முறை வரிசையாக நின்றது. எது எந்தக் கன்றுக்கு என்று அதில் தெரியாது. பக்க எண் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

பிடுங்கியதைத் திரும்ப வைத்தல்

இந்த வேலையில் பாதிக்கு மேல், சேர்ப்பது அல்ல, எடுப்பது. உலாவி இலவசமாகத் தருவதைத் தீம் பிடுங்கி வைத்திருந்தது. அதைத் திரும்ப வைத்தால் போதும். தீமின் எண் வரிசைக் கோப்பை முழுவதும் நீக்கிவிட்டு, பக்க எண் வரிசையை உருவாக்க வேர்ட்பிரஸ்ஸில் ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்ஸ் பேஜினேஷன் ஃபங்ஷனை அழைத்தோம். அது ஒவ்வொரு எண்ணுக்கும் முழு முகவரியோடு உண்மையான இணைப்பைத் தரும், சுற்றிலும், இது வழிசெலுத்தும் பகுதி என்று சொல்லும் நேவ் டேக் வைக்கும், நிற்கும் பக்கத்துக்கு, திரைவாசிப்பானிடம் 'இதுதான் இப்போதைய பக்கம்' என்று சொல்லும் ஏரியா-கரண்ட் பண்பில் 'பேஜ்' என்ற மதிப்பையும் தானே போடும்.

உண்மையான இணைப்பு வந்ததும் வேறு சில காரியங்களும் சொல்லாமலே சரியாயின. பின்செல் பொத்தான் முந்தைய பக்கத்துக்குப் போனது. புது டேபில் திறக்க முடிந்தது. மூன்றாம் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தது. நர்சரிக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பாதியில் நின்றாலும் இணைப்பு வேலை செய்யும். ஸ்பேன் செய்யாது.

பழைய தளங்களில் இன்னொரு பழக்கம் உண்டு: இணைப்பு டேக் இருக்கும், ஆனால் ஹெச்ரெஃபில் வெறும் ஹேஷ் குறி. அது டேப் வரிசையில் சேரும், சொடுக்கினால் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கிப் போடும். ஸ்பேனைவிட இது ஒன்றும் மேல் இல்லை.

அமைப்பை வெளியிலிருந்து உள்ளே சொன்னால்: நேவ் டேக், அதற்கு ஏரியா-லேபிளாக, அதாவது திரைவாசிப்பான் சொல்லும் பெயராக, 'பட்டியல் பக்கங்கள்'. அதனுள் யுஎல் பட்டியல். பட்டியலின் உருப்படியான ஒவ்வொரு எல்ஐயிலும் ஒரு எண். ஃபங்ஷனுக்கு டைப் என்ற இடத்தில் 'லிஸ்ட்' என்று கொடுத்தால் பட்டியலாகவே வரும், கொடுக்காவிட்டால் இணைப்புகள் வெறுமனே அடுத்தடுத்து நிற்கும். பட்டியலாக இருந்தால் திரைவாசிப்பான் நுழையும்போதே எத்தனை உருப்படி என்று சொல்லிவிடும். லேபிளில் 'வழிசெலுத்தல்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டாம். நேவ் என்பதால் அந்தச் சொல்லைத் திரைவாசிப்பானே சொல்லும், சேர்த்தால் இரண்டு முறை கேட்கும். மேல் மெனுவும் நேவ்தான் என்பதால் அதற்கும் 'முதன்மைப் பட்டி' என்று தனி லேபிள் வைத்தோம். இரண்டு நேவ் இருந்து இரண்டுக்கும் பெயர் இல்லாவிட்டால், டி விசையால் லேண்ட்மார்க்குகளை, அதாவது பக்கத்தின் பெரிய பகுதிகளை, தாவிச் செல்பவருக்கு எது எது என்று தெரியாது.

பட்டியலுக்கு மேலேயும் ஒரு எண் வரிசை இருந்தது. அதை எடுத்துவிட்டோம். இரண்டு வைத்தால் இரண்டுக்கும் வேறு லேபிள் வேண்டும், டேப் அழுத்தலும் கூடும். கிடைக்கும் லாபத்துக்கு அது கட்டுபடியாகவில்லை.

நிற்கும் பக்கத்தின் எண் இணைப்பாக இருக்க வேண்டுமா, வெறும் எழுத்தாக இருக்க வேண்டுமா என்று அணுகல் வேலை செய்பவர்கள் இடையே முடிவில்லாத வாதம் உண்டு. வேர்ட்பிரஸ் அதை ஸ்பேனாகவே தருகிறது, ஏரியா-கரண்ட் அதிலேயே இருக்கிறது. தொடாமல் விட்டோம். ஏரியா-கரண்ட் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

எண்ணுக்குப் பெயர்

இணைப்பு வந்தும் திரைவாசிப்பானில் வெறும் 'மூன்று, இணைப்பு' என்றுதான் கேட்டது. பட்டியலுக்குள் நடந்து வருபவருக்கு இது போதும். இணைப்புகளை மட்டும் தனியே எடுத்துக் கேட்பவருக்குப் போதாது, மூன்று எதன் மூன்று? ஆகவே எண்ணுக்கு முன் 'பக்கம்' என்ற சொல் வேண்டும், ஆனால் திரையில் இடத்தை அடைக்கக் கூடாது. ஃபங்ஷனில் பிஃபோர் பேஜ் நம்பர் என்று ஒரு இடம் உண்டு. அதில் ஸ்கிரீன் ரீடர் டெக்ஸ்ட் என்ற கிளாஸ் கொண்ட ஸ்பேனில் 'பக்கம்' என்று எழுதினோம். திரையில் 3 மட்டும் தெரியும், காதில் 'பக்கம் மூன்று'.

இங்கே செய்யப்படும் தவறுகள் நான்கு, நான்கும் இந்தத் தளத்திலேயே ஏதோ ஓரிடத்தில் இருந்தன.

மறைக்க வேண்டும் என்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் டிஸ்பிளே நன் போட்டால் திரைவாசிப்பானுக்கும் சேர்த்து மறைந்துவிடும். ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரம், ஓவர்ஃப்ளோ ஹிடன், கிளிப் என்ற பழைய முறையே சரி. அதோடு ஒயிட் ஸ்பேஸ் நோராப் சேர்க்க வேண்டும். இல்லையேல் ஒரு பிக்சல் அகலத்தில் சொற்கள் மடங்கி, சில திரைவாசிப்பான்கள் இடைவெளி விடாமல் ஒட்டிப் படிக்கும். 'பக்கம்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு வெற்றிடமும் உள்ளேயே இருக்கட்டும்.

ஏரியா-லேபிளில் ஆங்கிலச் சொல்லைப் போட்டு, திரையில் தமிழ் காட்டுவது. அடுத்த பக்கம் என்ற பொத்தானில் தீம் ஆங்கில லேபிளை வைத்திருந்தது. ஏரியா-லேபிள் இருந்தால் திரையில் உள்ள எழுத்து கேட்காது, லேபிள் மட்டுமே கேட்கும். குரலால் கருவியை இயக்குபவர் திரையில் பார்த்த சொல்லைச் சொல்வார், அந்தச் சொல் பெயரில் இல்லாததால் ஒன்றும் நடக்காது. திரையில் தெரியும் எழுத்து இணைப்பின் பெயருக்குள் இருந்தாக வேண்டும் என்பது வலை அணுகல் நெறிகளான டபிள்யூசிஏஜியின் 2.5.3. 'பக்கம் 3' என்ற பெயருக்குள் 3 இருக்கிறது, ஆகவே அது சரி.

முந்தைய, அடுத்த பக்கங்களுக்கு அம்புக்குறி எழுத்தை மட்டும் வைப்பது. இரட்டைக் கோண மேற்கோள் குறியைச் சில குரல்கள் அதன் பெயரைச் சொல்லி வாசிக்கும், சில ஒன்றுமே சொல்லாது. 'முந்தைய பக்கம்', 'அடுத்த பக்கம்' என்று எழுத்தாலேயே எழுதி, அம்பு காதில் கேட்காதபடி அதற்கு ஏரியா-ஹிடன் கொடுத்தோம். இடையில் வரும் மூன்று புள்ளிக்கும் அதே.

முதல் பக்கத்தில் 'முந்தைய பக்கம்' மங்கலாகத் தெரிந்தது, ஆனால் தட்டினால் வேலை செய்தது, பூஜ்யப் பக்கம் என்று 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழையைக் காட்டியது. ஏரியா-டிசேபிள்டு என்பது 'இயங்காது' என்று சொல்லும், தட்டுவதைத் தடுக்காது. இல்லாத பக்கத்துக்கு இணைப்பே வைக்க வேண்டாம். முழுவதும் எடுத்தால் மற்ற எண்கள் இடம் நகர்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் விரலடியில் வேறு எண் வருகிறது. அந்த இடத்தை விசிபிலிட்டி ஹிடன் என்று காலியாக வைத்தால், இடம் இருக்கும், டேபும் நிற்காது, காதிலும் கேட்காது.

'மேலும் படிக்க' இருபதையும் நீக்கியாயிற்று. கன்றின் பெயரே இணைப்பு, படமும் அதே இணைப்புக்குள், படத்தின் ஆல்ட் என்ற மாற்று எழுத்து காலியாக. தொலைபேசி இணைப்பில் நர்சரியின் பெயரையும் சேர்த்தோம். பதிவுக்கு நான்காக இருந்தது இரண்டாயிற்று, பக்கத்துக்கு எண்பது நாற்பதாயிற்று.

மூன்று மொழிகள்

பக்கத்தின் மொழிக் குறி ஆங்கிலம் என்று இருந்தது. தமிழில் தளம் நடத்தும் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. வேர்ட்பிரஸ்ஸை நிறுவும்போது ஆங்கிலத்தில் நிறுவி, தமிழில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். என்விடிஏவில் தானாக மொழி மாற்றும் வசதி இயங்கும்போது மொழிக் குறியைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் ஒன்று விழுங்கும், இல்லாவிட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லும். எண்கள் மட்டும் 'த்ரீ' என்று தெளிவாகக் கேட்கும். அமைப்புகளில் தள மொழியைத் தமிழ் என்று மாற்றியதும் 'பக்கம் மூன்று' என்று முழுதும் தமிழில் கேட்டது. ஒரே ஒரு தேர்வு, நிரல் ஏதும் எழுதவில்லை. இந்த ஆய்வில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகம் கிடைத்தது இதில்தான்.

மொழி மாற்றும் இணைப்புகள் 'தெலுங்கு', 'கன்னடம்' என்று தமிழ் எழுத்தில் இருந்தன. குப்பத்திலிருந்து வரும் தெலுங்கு வாசகருக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் எழுத்திலேயே இருக்க வேண்டும், அந்த இணைப்புக்கு மட்டும் தனி மொழிக் குறி வேண்டும். அப்போதுதான் குரல் அந்த இடத்தில் மாறும், டபிள்யூசிஏஜியின் 3.1.2 கேட்பதும் இதுதான். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் உண்டு. ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரல் தரவு நிறுவப்பட்டிருக்கிறதா என்று சோதனைக்கு முன் பேச்சு அமைப்புகளில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் தளத்தின் மேல் இல்லாத குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

தாவு இணைப்புகள்

எண் வரிசை சரியாக இருந்தாலும் அதை அடைவதற்கு 34 மெனு இணைப்புகளும் 40 பதிவு இணைப்புகளும் தடையாக நிற்கின்றன. பன்னிரண்டு பக்கம் புரட்ட வேண்டியவர் இதைப் பன்னிரண்டு முறை கடக்க வேண்டும். இரண்டு தாவு இணைப்புகள் வைத்தோம்.

முதலாவது, பாடி டேக்குக்குள் முதல் உருப்படியாக, 'உள்ளடக்கத்துக்குச் செல்'. இது எங்கும் இருக்க வேண்டியது, திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தாண்ட வழி கேட்கும் 2.4.1-க்கு நேரான விடை. இரண்டாவது, பட்டியல் தலைப்பை அடுத்து, 'பக்க எண்களுக்குச் செல்'. இதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நீண்ட பட்டியல் உள்ள தளத்தில் முதலாவதைவிட இதன் பயன் அதிகம். இப்போது டேப், என்டர், டேப், என்டர் என்று நான்கே அழுத்தலில் எண் வரிசை வந்துவிடுகிறது.

இரண்டும் சாதாரணமாகத் திரைக்கு வெளியே இருக்கும், ஃபோகஸ், அதாவது கீபோர்டு நிற்கும் இடம், அங்கே வந்தால் இடது மேல் மூலையில் தோன்றும். எப்போதும் மறைத்தே வைத்தால், கண்ணால் பார்த்துக் கீபோர்டால் உலவுபவருக்கு ஃபோகஸ் எங்கே போனதென்று தெரியாது. திரைவாசிப்பானுக்கு மட்டுமானது தாவு இணைப்பு என்ற எண்ணமே தவறு. அதிகம் தேவைப்படுவது இவருக்குத்தான். திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்குத் தலைப்புகளைத் தாவும் ஹெச் விசையும் டி விசையும் வேறு வழி தருகின்றன.

சென்று சேரும் இடம் ஃபோகஸை ஏற்கும்படி அதற்கு டேப்இண்டெக்ஸ் கழித்தல் ஒன்று கொடுக்க வேண்டும். அது இல்லாமலும் இன்றைய உலாவிகள் சமாளிக்கும், ஆனால் சில கலவைகளில் திரை நகரும், ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும், அடுத்த டேப் மீண்டும் மெனுவுக்கே கூட்டிப்போகும். இதை மெயின் டேக்குக்குக் கொடுத்தால், பக்கத்தில் எங்கு சொடுக்கினாலும் மெயின் முழுவதையும் சுற்றி ஒரு கட்டம் தோன்றக்கூடும். தலைப்பான ஹெச்1-க்குக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, போய் நின்றதும் தலைப்பும் வாசிக்கப்படும்.

மேலே ஒட்டியபடி நிற்கும் பட்டை 64 பிக்சல் உயரம். தாவியதும் தலைப்பு அதன் அடியில் ஒளிந்துகொண்டது. ஹெச்டிஎம்எல் டேக்குக்கு ஸ்க்ரோல் பேடிங் டாப் 80 பிக்சல் கொடுத்ததில் வெளியே வந்தது. கீழேயும் ஒன்று இருந்தது: வலது மூலையில் மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தான். சின்னத் திரையில் அது 'அடுத்த பக்கம்' என்பதன் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும். நம் ஊர் வணிகத் தளங்களில் பாதிக்கு இந்த நோய் உண்டு. ஃபோகஸ் பெற்றது முழுவதும் மறைந்துவிடக் கூடாது என்று 2.4.11 சொல்கிறது. இது 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது. பொத்தானைப் பட்டியல் தலைப்பின் அருகே சாதாரண இணைப்பாக மாற்றினோம்.

அளவும் நிறமும்

எண்கள் 20 பிக்சல் சதுரமாக, இடைவெளியே இல்லாமல் இருந்தன. பக்கத்து எண் திறந்ததன் காரணம் இதுதான். 2.2 பதிப்பின் 2.5.8 கேட்பது குறைந்தது 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல். தோட்டத்தில் நின்றபடி மண் ஒட்டிய விரலால் தட்டுபவருக்கு அது போதாது என்பது எங்கள் கணிப்பு. 44-க்கு 44, இடையில் 8 என்று வைத்தோம்.

வைத்ததும் அகலம் இடித்தது. கணக்கு இப்படி: 320 பிக்சல் திரையில் இருபுறமும் 16 விட்டால் 288 மிச்சம். ஐந்து எண்களுக்கு 220, நான்கு இடைவெளிக்கு 32, ஆக 252. ஆறாவது வைத்தால் 304, இடமில்லை. எனவே போனில் முதல் எண், கடைசி எண், நடுவில் நிற்கும் எண்ணும் அதன் இருபக்கமும் என ஐந்து. ஃபங்ஷனில் மிட் சைஸ் 1, எண்ட் சைஸ் 1 என்பது இதைத்தான் தருகிறது. இடையில் வரும் புள்ளிகளைப் போனில் காட்டவில்லை. 'முந்தைய பக்கம்', 'அடுத்த பக்கம்' இரண்டும் தனி வரிசையில். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடிவது தமிழில் நீளும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த தீமில் 'முந்தைய பக்கம்' வெட்டுப்பட்டு 'முந்தை' என்று நின்றது. அகலம் கட்டாமல் ஃபிளெக்ஸ் ராப் விட்டால் தானே மடங்கிக்கொள்ளும். உயரத்தையும் கட்டக் கூடாது, குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுக்க வேண்டும். லைன் ஹைட் 1 என்று இருந்ததால் மேல் சுழியும் கீழ்க் கொம்பும் அறுபட்டுத் தெரிந்தன. 1.6 ஆக்கியதும் சரி.

நிறம், எதிர்பார்த்தபடியே, மாம்பழ மஞ்சள். ஆர்ஜிபி 249, 168, 37. அதன் மேல் வெள்ளை எண். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு 2-க்கு 1-ஐக்கூடத் தொடவில்லை, தேவை 4.5-க்கு 1. மஞ்சளை விட நர்சரிக்காரர்களுக்கு மனமில்லை. விட வேண்டியதும் இல்லை, வெள்ளையைத்தான் விட வேண்டும். கரும்பச்சை 0, 77, 64 என்பதை அதே மஞ்சளில் எழுதினால் ஏறக்குறைய 5-க்கு 1, வெள்ளைத் தாளில் எழுதினால் 9.8-க்கு 1. எண்கள் வெள்ளையில் கரும்பச்சையாக, அடிக்கோட்டோடு. நிற்கும் பக்கம் மஞ்சளில் கரும்பச்சையாக, கீழே 4 பிக்சல் தடித்த கோட்டோடு.

கோடு அழகுக்கு அல்ல. விண்டோஸின் உயர் மாறுபாட்டு நிலையில் பின்னணி நிறங்கள் எல்லாம் பறிபோய்விடும், மஞ்சளை மட்டும் நம்பினால் நிற்கும் பக்கம் மற்றவற்றோடு கலந்துவிடும். பார்டர் என்ற ஓரக் கோடு தப்பிப் பிழைக்கும். இதில் ஒரு கண்ணி: மற்ற எண்களுக்கு இடம் சமன் செய்ய நிறமில்லாத பார்டர் வைக்கும் பழக்கம் உண்டு. அந்த நிலையில் நிறமில்லாத பார்டரும் நிறம் பெற்றுத் தெரிந்துவிடும், எல்லாமே நிற்கும் பக்கம்போல் இருக்கும். மற்றவற்றுக்குப் பார்டருக்குப் பதில் பேடிங் 4 பிக்சல் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

தீமில் அவுட்லைன் நன் என்ற ஒரே வரி ஃபோகஸ் கட்டத்தைத் தளம் முழுவதும் அழித்து வைத்திருந்தது. நீக்கிவிட்டு, ஃபோகஸ் விசிபிளுக்கு 3 பிக்சல் கரும்பச்சை அவுட்லைன், 2 பிக்சல் தள்ளி. ஃபோகஸ் விசிபிள் என்பதால் விரலால் தட்டும்போது கட்டம் தோன்றாது. 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்ற பேச்சுக்கும் இடமில்லை.

பக்கம் ஏற்றாமல் பட்டியலை மட்டும் மாற்றுவது

முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றாமல் இருபது பதிவுகளை மட்டும் மாற்றும் ஏற்பாடு பழைய தீமில் இருந்தது. அதைக் காப்பாற்றலாமா என்று பார்த்தோம். காப்பாற்றலாம், ஆனால் விலை உண்டு. முகவரியை நாமே மாற்ற வேண்டும், பின்செல் பொத்தானை நாமே கவனிக்க வேண்டும், பக்கத் தலைப்பை மாற்ற வேண்டும், பழைய பதிவுகள் மறைந்ததும் அநாதையாகும் ஃபோகஸைப் பட்டியல் தலைப்புக்குக் கொண்டுபோக வேண்டும். தீம் இதில் எதையும் செய்யாமல், பட்டியல் முழுவதற்கும், மாறியதைத் தானே வாசிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் போட்டு வைத்திருந்தது. விளைவு, எண்ணைத் தட்டியதும் இருபது பதிவுகளையும் விலையோடும் தொலைபேசி எண்ணோடும் மூச்சு விடாமல் வாசித்தது. அறிவிப்பு வேண்டுமென்றால் 'பக்கம் 3 வந்தது' என்ற ஒரு வரிக்கு மட்டும் ரோல் ஸ்டேட்டஸ் கொண்ட ஒரு பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டி முதலிலேயே காலியாகப் பக்கத்தில் இருந்தாக வேண்டும், எழுத்தோடு சேர்த்து உருவாக்கினால் பல சமயம் கேட்காது.

இருபது பதிவுள்ள பக்கத்துக்கு இத்தனை பாடு எதற்கு? முழுப் பக்கமாகவே ஏற்றிவிட்டோம். ஏறியதும் திரைவாசிப்பான் முதலில் சொல்வது டைட்டில். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் இருந்ததை 'பக்கம் 3 / 12, மாங்கன்றுப் பட்டியல்' என்று எண்ணை முன்னால் வைத்து மாற்றினோம். டேபின் அகலத்தில் வெட்டுப்பட்டாலும் எண் தப்பிக்கும்.

தேடுபொறி ஆலோசகர் ஒருவர் தேடுபொறிக்கு 'இதுவே மூலப் பக்கம்' என்று காட்டும் கனோனிக்கல் முகவரியை எல்லாப் பக்கங்களிலும் முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கமும் தன்னையே காட்ட வேண்டும். முந்தைய, அடுத்த பக்கத்தைக் காட்டும் ரெல் பிரீவ், நெக்ஸ்ட் குறிகளைக் கூகுள் பயன்படுத்துவதில்லை என்று 2019-லேயே சொல்லிவிட்டது, இருந்தாலும் கெடுதல் இல்லை.

எண் அசையக் கூடாது

இவ்வளவும் செய்த பிறகும் தொலைபேசிச் சிக்கல் தீரவில்லை. மூன்றாம் பக்கத்துக்கு எல்லோராலும் போக முடிந்தது, ஆனால் நர்சரிக்காரர் சொன்ன செந்தூரா அங்கே இல்லை. பதிவுகள் புதியது முதலில் என்ற வரிசையில் இருந்தன. காலையில் இரண்டு பதிவு சேர்ந்தால் எல்லாம் இரண்டிடம் தள்ளிப்போகும். காதால் கேட்டு உலவுபவருக்கு இது இன்னும் மோசம். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கேட்டதே மூன்றாம் பக்கத்தின் தொடக்கத்தில் மீண்டும் வரும், பக்கம் மாறவில்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார்.

அகர வரிசை வைக்கலாமா என்றால், அல்போன்சோ, இமாம் பசந்த், காதர், காலப்பாடி, செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளி, மல்கோவா என்று தமிழில் அழகாக நிற்கும். ஆனால் பெங்களூரா, தோத்தாபுரி, கிளிமூக்கு மூன்றும் ஒரே பழம், பதிவு செய்தவர் எழுதிய பெயரைப் பொறுத்து மூன்று பக்கங்களில் சிதறும். தெலுங்குப் பக்கத்திலும் கன்னடப் பக்கத்திலும் வரிசை அவரவர் எழுத்துப்படி மாறும். தமிழில் பேசும் நர்சரிக்காரரின் மூன்றாம் பக்கமும் குப்பத்துக்காரரின் மூன்றாம் பக்கமும் ஒன்றாக இருக்காது. தமிழுக்குள்ளேயேகூட, யூனிகோடு எண் வரிசைப்படி அப்படியே அடுக்கினால் ன என்பது ந-வுக்கு அடுத்தும் ற என்பது ர-வுக்கு அடுத்தும் வந்து நிற்கும்.

கடைசியில் பதிவு எண்ணையே வரிசையாக்கினோம். சேரும்போது ஒரு நிலையான எண், புதியது எப்போதும் கடைசியில். மூன்றாம் பக்கம் என்றால் 41 முதல் 60 வரை, மூன்று மொழியிலும். பட்டியல் தலைப்பிலும் 'பக்கம் 3: எண் 41 முதல் 60 வரை' என்று வரும். விற்றுத் தீர்ந்த கன்றை நீக்குவதில்லை, 'இருப்பு இல்லை' என்று குறித்து வைக்கிறார்கள். மொழி மாற்றும் இணைப்பு அதே பக்க எண்ணுக்கே கொண்டுபோகும். முன்பு எப்போதும் முதல் பக்கத்துக்குத் தள்ளியது. ரகம் தெரிந்து வருபவருக்கு ரக வடிகட்டி உண்டு. அதன் தேர்வு முகவரியிலேயே இருக்கும்படி செய்தோம். வடிகட்டும்போது பக்க எண் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் நின்று 'மல்கோவா' தேர்ந்தெடுத்தவருக்கு மல்கோவாவின் ஒன்பதாம் பக்கத்தைத் தேடி 404 காட்டிக்கொண்டிருந்தது.

மறுசோதனை

ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் என்விடிஏ, 360 பிக்சல் அகல ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், வெறும் கீபோர்டு, 1280 பிக்சல் சன்னலை 400 விழுக்காடு பெரிதாக்கி 320 அளவில் பார்த்தல். தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்றையும் ஓட்டினோம். அது மாறுபாட்டையும் மொழிக் குறி இல்லாமையையும் பிடிக்கும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலக் குறி இருந்ததைப் பிடிக்கவில்லை, வாட்ஸ்அப் பொத்தான் மேலே உட்கார்ந்திருந்ததையும் பிடிக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லிருந்து இருக்கிறது. எண்ணிம வழி அணுகலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் காட்டித்தான் தளத்தாரை ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தோம், தேவைப்படவில்லை. மூன்றாம் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடிகிறது என்பதே போதுமாயிற்று.

சரியாகாமல் நிற்பவை இரண்டு. கன்னடப் பதிவுகளில் ரகப் பெயர்கள் இன்னும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன, மொழிக் குறி கன்னடம். குரல் அந்த இடங்களில் தடுமாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் தமிழ்க் குறி போடுவதைவிடக் கன்னடத்தில் எழுதிவிடுவதே மேல், ஓசூர்ப் பக்கத்து நர்சரிகளிடம் அந்த வேலை இருக்கிறது. இன்னொன்று தீம் புதுப்பிப்பு. திருத்தங்கள், மூலத் தீமைத் தொடாமல் தனியே நிற்கும் சைல்ட் தீமில் இருப்பதால் அவை அழியாது. ஆனால் தீமின் புதிய ஸ்டைல் கோப்பு அவுட்லைன் நன் வரியை வேறு பெயரில் மீண்டும் கொண்டுவரக்கூடும். புதுப்பித்த நாளன்று டேபை அழுத்திக்கொண்டே எண் வரிசைவரை ஒருமுறை போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.